கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவள்

ஜனவரி 9

அம்மாடி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நலமில்லை என்று நீ எழுதினால் இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? நலம் என்று எழுதினால் அதைவிட எரிச்சலாக இருக்கும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இதோடு ஒரு நாவல் வைத்திருக்கிறேன். அட்டையில் மழையில் நனைந்த படிக்கட்டு, அதில் கையில் சாவிக்கொத்தோடு ஒரு பெண், மேல்படியில் முகம் தெரியாத ஓர் ஆண். வாடகை நூலகத்துக்குப் புதிதாக வந்தது, முடிவைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு. அந்த அம்மா எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். "உங்க மருமகதான் ஊர்லயே இல்லையே, யாரு முடிவு பாத்துச் சொல்லுவா?" என்று வேறு கேட்டாள். நம் லட்சணம் தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

தெரியாமல் என்ன? நீ இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு புத்தகத்தையாவது முடிவு தெரியாமல் தொட்டிருக்கிறேனா? நீ கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, "படிக்கலாம் அத்தை" என்பாய். இல்லையென்றால் "வேண்டாம் அத்தை". அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது என் உத்தரவு. கள்ளக் காதல் இருக்கட்டும், விஷம் இருக்கட்டும், மாமனார் செத்த விதத்தில் மர்மம் இருக்கட்டும். கடைசியில் அந்தப் பெண் உருப்படியாக இருக்கிறாளா என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், நடுவில் அவள் என்ன பாடுபட்டாலும் நான் தைரியமாக இருப்பேன்.

நீ பாதியில் விட்டுப்போனது இன்னும் பாதியிலேயே இருக்கிறது. டாக்டரின் பெண்டாட்டி பெட்டியோடு துறைமுகத்தில் நிற்கிறாள், அவன் வருகிறானா இல்லையா என்று. முடிவு நல்லது என்று நீ சொல்லிவிட்டாய், தெரியும். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தனியாகத் திருப்ப எனக்குக் கை வரவில்லை. செப்டம்பரிலிருந்து நிற்கிறாள் பாவம், கால் வலிக்கும்.

கடை ஓடுகிறது. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெரிதாக்குவது. நீ துணி மூட்டை மேல் உட்கார்ந்து வாசிப்பாய், நான் தைப்பேன். அவன் அவள் கையைப் பிடித்தான் என்று வந்தால் என் கால் மெஷினை ஓட ஓட மிதிக்கும். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரின் பேன்டில் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தேனே, அது எந்தப் புத்தகம்? படகு வீட்டில் ஒளிந்திருந்தார்களே, அதுதானே? இப்போது அப்படியெல்லாம் நடப்பதில்லை. "அம்மா, உங்க தையல் இப்ப ரொம்ப நேரா இருக்கு" என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

கண்ணாடி லென்ஸ் வெட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன், மூன்று மாதப் பயிற்சி என்றாய். மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. என் மகன் கேட்க மாட்டான், அதனால் நான் கேட்கிறேன். போனிலேயே கேட்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். காகிதத்தில் அது உனக்குத் தெரியாது பார்.

மாமியார் மருமகளுக்குப் பார்சல் அனுப்புகிறாள் என்று தெரிந்தால் தபால்காரர் உள்ளே வெடிகுண்டா என்று தட்டிப் பார்ப்பார். அவரிடம் சொல்லாதே.

அத்தை


ஜனவரி 20

அத்தைக்கு,

படிக்கலாம்.

உங்கள் உத்தரவு அதோடு முடிந்தது. இனி எழுதுவது உத்தரவில் வராது.

துறைமுகத்தில் நிற்பவளை முதலில் உட்கார வையுங்கள். இரண்டு பக்கம் தள்ளினால் ஒரு பெஞ்சு வருகிறது. கிளம்பும் முன்பே நான் எட்டிப் பார்த்துவிட்டேன்.

என் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே இருக்கிறது. பகல் முழுவதும் கீழேயிருந்து ஆவியும் சோப்பு வாசமும் வரும், அதனால் என் துணிகளெல்லாம் துவைக்காமலே துவைத்த மாதிரி இருக்கும். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் தெரியும். அந்தக் குழாய் மேல் ஒரு புறா உட்காருகிறது. அதற்கும் போக இடமில்லை போலிருக்கிறது.

வேலை பிடித்திருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து லென்ஸில் புள்ளி வைக்க வேண்டும். பிறகு தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் விளிம்பைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் ஆடும், குறைவாகத் தேய்த்தால் விரிசல் விடும். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருக்கும். முதல் மாதம் நிறைய உடைத்தேன். இப்போது உடைப்பதில்லை.

பயிற்சி முடிந்துவிட்டது, அத்தை. இங்கேயே வேலை கொடுத்தார்கள். சேர்ந்துவிட்டேன். உங்கள் மகனிடம் அன்றைக்கே போனில் சொன்னேன். "சரி" என்றார். உங்களிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு நாவல் வாங்கி நானும் படித்துப் பார்த்தேன். கடைசி அத்தியாயம் எப்போதும் போல் ஓடிவிட்டது. நடுவில்தான் சிக்கல். நடுப் பக்கங்களை நான் கண்ணால் படித்ததே இல்லை, உங்களுக்காக வாயால்தான் படித்திருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது. அறையில் ஆளே இல்லாமல் வாய்விட்டு வாசித்தேன். அவன் அவள் கையைப் பிடிக்கிற இடம் வந்தது. பழக்கதோஷம், மெஷின் சத்தத்துக்காக நிறுத்தினேன். சத்தம் வரவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? உட்காரும்போது தலையணை வைத்துக்கொள்கிறீர்களா?

உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

அம்மாடி,

அவன் சொல்லவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரவு சாப்பாடு போடும்போது கேட்டேன். "அவளுக்கு அங்கயே வேலை ஆயிடுச்சாமே?" "ஆமாம்மா." "எப்போ?" "நவம்பர்ல." "என்கிட்ட ஏண்டா சொல்லல?" "நீ கேக்கலையேம்மா." கரண்டியை ஓங்கிவிட்டேன். பிறகு அதிலேயே குழம்பை ஊற்றினேன்.

தலையணை வைத்துக்கொள்கிறேன். பேச்சை மாற்றாதே.

எனக்குத் தெரிய வேண்டும். நாமும் எத்தனை கதை படித்திருக்கிறோம்! ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள் என்றால் அவனுக்கு இன்னொருத்தி இருக்க வேண்டும். அல்லது குடும்பத்தில் ஒரு பயங்கர ரகசியம். அல்லது அவளுக்கே ஒருவன். காரணமில்லாமல் ஒருத்தி போனதாக எந்த எழுத்தாளரும் எழுதியதில்லை.

முதலில் என் மகனை விசாரித்தேன். அவனிடம் கேட்கவில்லை, அவன் சட்டைப்பைகளைக் கேட்டேன். திருகாணிகள், லிஃப்டுக்குப் போடும் கிரீஸ் அப்பிய துணி, பஸ் டிக்கெட். காலரில் ஒரு நீள முடி இருந்தது. அகப்பட்டாள் என்று நினைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் நரை. என்னுடையதுதான். அவனுக்கு இன்னொருத்தி இருக்க வேண்டுமென்றால் அவளிடம் அவன் நாலு வார்த்தையாவது பேசியாக வேண்டும், இல்லையா? அந்தத் துப்பு அவனுக்கு ஏது?

குடும்ப ரகசியமா? நம் வீட்டில் இருக்கிற ஒரே ரகசியம் மெஷின் பெட்டிக்குள் துணிக்கு அடியில் கிடக்கும் இந்த நாவல்கள்தான்.

அப்படியானால் மிச்சம் நீதான். யாரடி அவன்? லென்ஸ் கடையில் இருக்கிறானா? கண்ணாடி போட வந்தவனா? சொல்லிவிடு. நான் திட்ட மாட்டேன். யோசித்துப் பார், கணவனின் தம்பியோடு ரயிலேறியவளை நான் மன்னித்திருக்கிறேன். ஓவியனுக்காகத் தங்கச் சங்கிலியை விற்றவளுக்காக அழுதிருக்கிறேன். முன்பின் தெரியாத இத்தனை பேரை மன்னித்தவள் உன்னை மன்னிக்க மாட்டேனா? மன்னித்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவேன். அவ்வளவுதான்.

இரண்டு புத்தகம் அனுப்புகிறேன். நூலகத்து அம்மா இரண்டுக்கும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டுவிட்டாள், படம் பார்க்க முடியவில்லை. ஒன்று தடி, ஒன்று மெலிசு. படிக்கலாமா என்று சொல். அதோடு அவன் பெயரையும் சொல்.

அத்தை


பிப்ரவரி 16

அத்தைக்கு,

பெயர் இல்லை. ஏனென்றால் ஆளே இல்லை.

இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று நானே நினைத்ததுண்டு. உங்களுக்கு விளக்க ஒரு பெயர் போதும். நீங்கள் இரண்டு நாள் அழுவீர்கள், மூன்றாம் நாள் அவன் உயரம் என்ன என்று கேட்பீர்கள். எனக்கும் ஒரு காரணம் கையில் இருந்திருக்கும். உங்கள் மகன் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, பொய் சொன்னதில்லை. இரவு வந்து சாவியை ஆணியில் மாட்டுவார். சாப்பாடு ஆயிற்றா என்று நான் கேட்பேன். "ம்." அன்றைக்கு எந்தக் கட்டடத்து லிஃப்ட் என்று கேட்பேன். சொல்லுவார். என்னிடம் திருப்பி ஒன்றும் கேட்க மாட்டார். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் மாத்திரை வாங்கி மேஜை மேல் வைத்திருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மாத்திரையை முழுங்கினேன், காய்ச்சல் போய்விட்டது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அத்தை. கோபம் வந்திருந்தால் கூடவே இருந்திருப்பேன்.

இங்கே சில கண்ணாடிகள் திரும்பி வரும். பவர் சரியாக இருக்கும், ஃபிரேம் சரியாக இருக்கும், லென்ஸில் கீறல்கூட இருக்காது. உள்ளே உட்கார வைக்கும்போது ஒரு துளி திரும்பியிருக்கும். அவ்வளவுதான். போட்டுக்கொள்பவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் நாள் முழுக்கத் தலை வலிக்கும். யார் மேலும் குற்றமில்லை என்று சொல்லி அதைக் கழற்றி வைத்துவிடுவோம். எனக்கு மூன்று வருடம் தலை வலித்தது.

அந்த வீட்டில் ஒரு நேரம் மட்டும் வலிக்காது. நான் துணி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்ததும் நீங்கள் மெஷினில் நூல் கோத்துக்கொண்டே "ம், எங்க விட்டோம்?" என்பீர்களே, அப்போது. அந்த நேரத்துக்காகத்தான் அத்தனை நாள் இருந்தேன். அதற்காக மட்டும் ஒருத்தி கல்யாணத்தில் இருக்கலாமா? இதை எந்த நாவலிலும் நாம் படிக்கவில்லை.

தடித்த புத்தகம்: வேண்டாம்.
மெலிந்த புத்தகம்: படிக்கலாம்.
இரண்டையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 3

நீ இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டாய்.

மெலிசுப் புத்தகத்தை நேற்று முடித்தேன். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அவனுக்குக் கல்லூரிக் காலத்துப் பழைய காதலி, திருட்டுச் சந்திப்பு, அவள் எழுதி வைத்த உயில், எல்லாம் இருந்தது. நான் கோட்டுக்கு உள்துணி வைத்துக்கொண்டே ஒரு கையால் பக்கத்தைத் திருப்பினேன். படிக்கலாம் என்று நீ சொல்லிவிட்டாயே என்ற தைரியம். கடைசியில் அவன் திருந்திவிட்டான். பழையவள் ஊரை விட்டே போய்விட்டாள். அவன் வெள்ளைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். மகராசி வருவாள் என்று நானும் அவனோடு நிற்கிறேன். அவள் தெருமுனை வரை வருகிறாள். கதவைப் பார்க்கிறாள். திரும்பிப் போய்விடுகிறாள்! அதோடு புத்தகம் முடிந்தது. அடுத்த பக்கம் விளம்பரம்.

இதுவா படிக்கலாம்? ஊசி விரலில் ஏறி, யாருடையதோ கோட்டில் ரத்தம்.

அதுகூடப் போகட்டும். அந்த வீட்டில் ஒரு மாமியார் இருந்தாள். முதல் அத்தியாயத்தில் அவள்தான் அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுகிறாள். கடைசியில் அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் என்ன ஆனாள்? உள்ளே இருந்தாளா, வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாளா, பின்னிவிடத் தலையில்லாமல் சீப்பை என்ன செய்தாள்? கேட்க நாதியில்லை.

மாற்றித்தான் சொல்லியிருக்கிறாய். ஆமாம் என்று எழுதிவிடு, நானும் மறந்துவிடுகிறேன்.


மார்ச் 12

அத்தைக்கு,

மாற்றிச் சொல்லவில்லை.

தடித்ததில் அவள் திரும்பி வந்து, அவன் காலில் விழுந்து, அதே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுகிறாள். ஊரே வாழ்த்துகிறது. எனக்கு மூச்சு முட்டியது, அதனால் வேண்டாம் என்றேன். மெலிந்ததின் கடைசி அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், அத்தை. அழுகிறாள், ஆனால் நன்றாக இருக்கிறாள்.

அந்த மாமியாரை நானும் தேடினேன். கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னால் போய்ப் போய், முதல் அத்தியாயம் வரை தேடினேன். எழுதியவர் அவளை மறந்துவிட்டார்.

நான் மறக்கவில்லை.


ஏப்ரல் 25

அம்மாடி,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம்தான் காரணம். வேலை அதிகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உனக்கு எழுதப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கோபம் வந்தது, வைத்துவிட்டேன். கோபம் கொஞ்சம் குறைந்த நாளில் அழுகை வந்தது, அன்றைக்கும் வைத்துவிட்டேன். இன்று இரண்டும் இல்லை. வெளியே மழை. கடைக்கு யாரும் வரவில்லை.

உனக்குச் சொல்லாத ஒரு கதை சொல்கிறேன். கள்ளக் காதலெல்லாம் இல்லை, ஆசைப்படாதே.

உன் மாமனாரும் இப்படித்தான். நல்ல மனிதர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருந்தார். இவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் மத்தியானம் இவனைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு துணியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. அவர் காலையில் வேலைக்குப் போகும்போது நான் புது ரவிக்கை போட்டிருந்தேன். நானே வெட்டி, நானே தைத்தது. கழுத்தில் சின்னதாக வளைவு வைத்திருந்தேன். அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதற்காகவா ஒருத்தி போவாள்? அதற்காகத்தான் போனேன்.

பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொன்று வந்தது. எங்கே போகிறது என்று பார்த்தேன், ஏறினால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. அதுதான் அம்மாடி, முடிவு தெரியவில்லை. நல்லபடியாக இருப்பேன் என்று யாராவது ஒருத்தி முன்னாலேயே படித்துப் பார்த்துச் சொல்லியிருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ. சொல்ல ஆளில்லை. இவன் அழுதான். வீட்டுக்கு வந்து விளக்கேற்றி, அரிசி களைந்து உலை வைத்தேன். அவர் வந்தார், சாப்பிட்டார். நான் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் நாவல் படிக்க ஆரம்பித்தேன். அத்தனையிலும் யாராவது ஒருத்தி பஸ்ஸோ ரயிலோ படகோ ஏறிக்கொண்டே இருந்தாள். ஏறினவளைக் கடைசியில் எழுதுகிறவர் அடித்துப் போட்டால் எனக்குத் தாங்காது. அதனால்தான் முடிவை முதலில் கேட்பேன். இதை உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், உன்மேல் கோபப்பட்டு என்ன பயன்?

நான் இருந்துவிட்டேன். மோசமில்லை. இவன் வளர்ந்தான், கடை வந்தது, கடைசியில் நீ வந்தாய். நீ வந்த பிறகுதான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒரு சட்டையில் பட்டன் வைத்தால்கூட "அத்தை, இந்தப் பட்டன் நல்லா இருக்கு" என்பாய். அதற்காகவே கஸ்டமர் கேட்காத பட்டனெல்லாம் வைத்திருக்கிறேன், தெரியுமா? எனக்கு நீ வேண்டும். இதற்கு மேல் சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

அதனால் இந்தத் தடவை புத்தகம் ஒன்றும் அனுப்பவில்லை. நம் கதைக்கே சொல். கடைசி அத்தியாயத்தை நீ படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரிகிறது. வருவாயா, மாட்டாயா? வழக்கம் போல் சொல், எனக்குத் தாங்கும்.

அத்தை


மே 4

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைச் சலவைக் கடைப் படியில் உட்கார்ந்து படித்தேன். மேலே அறைக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

எழுதி எழுதிக் கிழித்தேன். நீட்டி எழுதினால் ஏமாற்றுவது போல் இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் நான் வரவில்லை, அத்தை. உங்கள் மகனோடு பேசிவிட்டேன். சட்டப்படி செய்ய வேண்டியதைச் சேர்ந்தே செய்வதாக இருக்கிறோம். அவர் மறுக்கவில்லை. "உனக்கு அதான் சரின்னா சரி" என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். அதில் அன்பு இருந்தது. எனக்குத் தெரிந்தது. திரும்பி வரும் அளவுக்கு இல்லை.

ஆனாலும் படிக்கலாம்.

இதை நான் உங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய புத்தகத்துக்கு நான் படிக்கலாம் என்று சொன்னதே இல்லை. அந்தப் பெண் உருப்படியாக இருக்கிறாள். விரல் ஊறிச் சுருங்கிப் போயிருக்கிறது, சாயங்காலம் வந்தால் ஒரு மெஷின் சத்தத்துக்கு ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் தலை வலிக்கவில்லை. நீங்கள் ஏறாத பஸ்ஸில் நான் ஏறியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் மோசமாக இல்லை என்று உங்களுக்குச் சொல்லத்தான் யாராவது வேண்டியிருந்தது, இல்லையா?

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை, எந்தக் கடைசிப் பக்கத்திலும் இல்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு உங்களை நான் என்னவென்று கூப்பிடுவது? அம்மா என்றால் என் அம்மா கோபித்துக்கொள்வாள். பெயர் சொன்னால் நீங்கள் செருப்பைத் தேடுவீர்கள். இந்தக் கடிதத்தின் அடியில் என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. அதனால் ஒன்றும் எழுதவில்லை.


மே 30

அம்மாடி,

படித்தேன். தாங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. முதுகு வலி என்று சொல்லி வைத்தேன். எல்லோரும் நம்பினார்கள். முதுகு எப்போதுதான் வலிக்கவில்லை.

பிறகு மெலிசுப் புத்தகத்தை மறுபடி எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். நீ சொன்னது சரி. தெருமுனையில் திரும்பும்போது அவள் நடை வேகமாகிறது. முதல் தடவை நான் கதவுப் பக்கமே நின்றுகொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

என் மகனிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினான். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து நின்றான். "அவ ரூம்ல ஜன்னல் இருக்காம்மா?" என்றான். நாளெல்லாம் லிஃப்ட் குழிக்குள் நிற்கிறவனுக்கு அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது. "இருக்குடா, ஆனா எதிர்ல சுவரு. வெளிச்சமே வராது" என்றேன். மறுநாள் காலையில் உன் படிக்கிற விளக்கு மேஜை மேல் இருந்தது. புது ஒயர், புது ஸ்விட்ச், பல்புகூட மாற்றியிருந்தான். ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டான். இதைச் சொல்லி உன்னை இழுக்கப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை அவன் எப்போது கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துகொள், அவ்வளவுதான்.

கூப்பிடுகிற விஷயம். அத்தை என்றே கூப்பிடு. அந்தச் சொல்லை உனக்கு அவன் ஒன்றும் வாங்கித் தரவில்லை, நீ துணி மூட்டை மேல் உட்கார்ந்து சம்பாதித்தது. எந்தக் கோர்ட்டும் அதில் கை வைக்க முடியாது.

கடையைப் பத்து நாள் பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை பஸ். டிக்கெட் எடுத்துவிட்டேன். விளக்கைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன். துறைமுகத்துக்காரியையும் கூட்டி வருகிறேன். அவளை நான் இன்னும் உட்கார வைக்கவில்லை, நீதான் வாசிக்க வேண்டும். கால்மெஷினைத் தூக்க முடியாது, பழைய கைமெஷினும் கனமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் சத்தம் இல்லாமல் நீ எப்படி நிறுத்துவாய், எங்கே நிறுத்துவாய் என்று அதையும் கட்டிவிட்டேன். உன் ஊரில் யாருக்காவது பேன்ட் நீளமாக இருந்தால் சொல்லி வை.

இன்னொன்றும் இருக்கிறது. புதிது, கருப்பு அட்டை, உள்ளே யாரோ யாரையோ ஏமாற்றுகிறார்கள். நூலகத்து அம்மா, "முடிவு நான் வேணா பாத்துச் சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இதுவரை வாழ்நாளில் செய்யாத வேலை. பயமாகத்தான் இருக்கிறது. நான் வந்ததும் நீ அதைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் கையை ஒடித்துவிடுவேன். முதல் வரியிலிருந்து வாசி. போகிற இடத்துக்குப் போகட்டும்.

உன் அறையில் நாற்காலி ஒன்றுதான் என்று எழுதியிருந்தாய். இன்னொன்று வாங்கி வை.

அத்தை